நாடுகடத்தலின் எழுவாய் யார்?

கி.மு. 597ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாபிலோனிய மன்னன் நெபுகத்நேசர் எருசலேமைக் கைப்பற்றினான். பாபிலோனிய நாளாகமம் எனப்படும் களிமண் பலகை இந்நிகழ்ச்சியை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறது. படை புறப்பட்டது, அதார் மாதம் இரண்டாம் நாள் நகரம் வீழ்ந்தது, அரசன் சிறைபிடிக்கப்பட்டான், மன்னனுக்கு உகந்த வேறொருவன் அரியணையில் அமர்த்தப்பட்டான், பெருந்திறை பாபிலோன் போய்ச் சேர்ந்தது. ஏன் வீழ்ந்தது என்ற வினா அந்தப் பலகையில் இல்லை. வென்றவன் அதைக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

தோற்றவர்கள்தாம் கேட்டார்கள். அவர்கள் கண்டடைந்த விடை, தங்கள் கடவுளே தங்களை நாட்டைவிட்டு அனுப்பினார் என்பது. இரண்டரை ஆயிரம் ஆண்டுகளாக அந்த விடை வழிபாட்டிலும் உரைகளிலும் மறையுரைகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவந்ததால், இன்று அது விடை என்ற நிலையைக் கடந்து நிகழ்ச்சியாகவே கருதப்படுகிறது. சமய வரலாறு கற்பிக்கும் வகுப்புகளில்கூட 'யூதர்கள் உடன்படிக்கையை மீறினார்கள், எனவே நாடுகடத்தப்பட்டார்கள்' என்ற வாக்கியம், 'மழை பெய்தது, எனவே ஆறு பெருகியது' என்பதுபோல எளிதாகச் சொல்லப்படுகிறது. இந்த 'எனவே' மிக விரிவான ஆராய்ச்சிக்கு உரியது. அது யாருடைய 'எனவே', எப்போது சொல்லப்பட்டது, யார் வாயில் என்ன பொருள் தருகிறது என்பவற்றைப் பிரித்துப் பார்க்காமல் அதைக் கையாள்வது வரலாற்றுக்கும் நல்லதன்று, இறையியலுக்கும் நல்லதன்று.

நிகழ்ந்ததை விளக்கத் தெய்வச் சினம் தேவையில்லை. யூதா, எகிப்துக்கும் மெசொப்பொத்தேமியப் பேரரசுகளுக்கும் இடையில் அகப்பட்ட ஒரு மலைநாடு. கி.மு. 609இல் அரசன் யோசியா மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவால் கொல்லப்பட்டான். 605இல் கர்கேமிஷ் போரில் எகிப்து பாபிலோனிடம் தோற்றது. யூதாவின் அரசன் யோயாக்கீம் முதலில் பாபிலோனுக்குத் திறை கட்டினான். 601இல் நெபுகத்நேசரின் எகிப்தியப் படையெடுப்பு பலிக்காமல் போனதும் திறையை நிறுத்தினான். அதன் விளைவை அவன் மகன் யோயாக்கீன் சுமந்தான். பதினெட்டு வயதில் மூன்றே மாதம் ஆண்டு, சரணடைந்து, பாபிலோன் போனான். பின்வந்த சிதேக்கியாவும் எகிப்தை நம்பிக் கிளர்ந்தான். 587இலோ 586இலோ நகரமும் கோவிலும் தீக்கிரையாயின. கிளர்ந்த நாட்டின் மேட்டுக்குடியைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் குடியமர்த்துவது அசீரியர்களும் பாபிலோனியர்களும் நெடுங்காலமாகப் பின்பற்றிய ஆட்சிமுறை. வடநாட்டுத் தலைநகர் சமாரியா வீழ்ந்தபோது இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றதாக இரண்டாம் சர்கோனின் கல்வெட்டுகள் பெருமை பேசுகின்றன. யூதாவுக்கு நேர்ந்தது அந்த வரிசையில் ஒன்று.

நாடே காலியானது என்ற படமும் பின்னால் வரையப்பட்டதே. எரேமியா நூலின் இறுதி அதிகாரம் மூன்று முறை கொண்டுசெல்லப்பட்டோரின் தொகையைத் தருகிறது: 3,023, 832, 745. கூட்டினால் 4,600. இராஜாக்களின் இரண்டாம் நூலோ முதல் முறைக்கு மட்டுமே பத்தாயிரம் என்கிறது. எண்கள் எப்படியாயினும், கொண்டுசெல்லப்பட்டவர்கள் அரண்மனையைச் சேர்ந்தோர், படைவீரர், கொல்லர், கைவினைஞர். நிலமற்ற ஏழைகள் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள விடப்பட்டார்கள். இந்தச் சிறு தகவல் பின்னர் பெரிதாக வளரும்.

போனவர்களின் வாழ்வைப் பற்றியும் இன்று ஓரளவு தெரியும். பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் கிடைத்து 1939இல் வெளியிடப்பட்ட பங்கீட்டுப் பட்டியல்களில், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு இருக்கிறது. 2014இல் லோரி பியர்ஸும் கொர்னீலியா வுன்ஷும் பதிப்பித்த நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் சாதாரணக் குடிகளைக் காட்டுகின்றன. 'அல்-யாகூது', அதாவது யூதா ஊர், என்றே பெயர்பெற்ற ஒரு குடியிருப்பில் அவர்கள் வாற்கோதுமையும் பேரீச்சையும் விளைவித்தார்கள், வரி கட்டினார்கள், கடன் வாங்கினார்கள். முதல் பலகையின் காலம் கி.மு. 572, கோவில் எரிந்து பதினைந்து ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. (இப்பலகைகள் முறையான அகழாய்வில் கிடைத்தவையல்ல, தொல்பொருள் சந்தை வழியே வந்தவை. அதனால் அவற்றைப் பயன்படுத்தலாமா என்ற அறக்கேள்வி இன்னும் தீரவில்லை.) மக்களின் பெயர்களில் அவர்களது கடவுளின் பெயர் 'யாமா' என்ற ஆப்பெழுத்து வடிவில் ஒட்டியிருக்கிறது. கடன்பத்திரத்தில் இறையியலை எதிர்பார்ப்பது தவறு. ஆயினும் கடவுளால் கைவிடப்பட்டதாக நம்பிய சமூகம் தன் பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டுக்கொண்டிருந்தது என்பது கவனிக்கத் தக்கது.

இனி 'எனவே'யின் இலக்கணத்துக்கு வரலாம்.

எருசலேமிலிருந்து பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அவரது நூலின் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதன் முன்னுரையில், நெபுகத்நேசர் நாடுகடத்திய மக்களுக்கு எழுதப்பட்டது என்ற குறிப்பு வருகிறது. மூன்று வசனங்கள் தள்ளிக் கடிதம் தொடங்கும்போது, பேசுகிற கடவுள் அதே வினைச்சொல்லைத் தன்மை ஒருமையில் தனக்கு வைத்துக்கொள்கிறார். நாடுகடத்தியது தாமே என்கிறார். எபிரேயத்தில் 'க-ல-ஹ' என்ற வேர் தன்வினையாக வந்தால் பெயர்ந்து போதல், பிறவினையாக வந்தால் பெயர்த்து அனுப்புதல். இங்கே இரண்டு இடத்திலும் பிறவினை வடிவம். செயல் ஒன்று, செயப்படுபொருள் ஒன்று, எழுவாய் மட்டும் வேறு.

தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு இது புதிரன்று. அரசன் கோயில் கட்டினான் என்றாலும் கொத்தன் கோயில் கட்டினான் என்றாலும் வாக்கியம் பிழையில்லை. முன்னவன் ஏவுதற்கருத்தா, பின்னவன் இயற்றுதற்கருத்தா. எரேமியாவின் பார்வையில் நெபுகத்நேசர் கொத்தன். அவனைக் கடவுளின் ஊழியன் என்றே அந்நூல் வேறிடத்தில் அழைக்கிறது. ஆனால் கொத்தனுக்குத் தான் யாருக்காகக் கட்டுகிறோம் என்று தெரியும், நெபுகத்நேசருக்குத் தெரியாது. அவன் தன் கணக்கில் மார்துக் தெய்வத்துக்காகவும் திறைக்காகவும் வந்தவன். ஏவப்பட்டதே அறியாத ஏவலாளைத் தண்டிக்க முடியுமா? ஏசாயாவின் 10ஆம் அதிகாரம் அசீரியாவைக் கடவுளின் கைத்தடி என்று சொல்லிவிட்டு, அந்தத் தடி செருக்கியதற்காகத் தண்டனையையும் அறிவிக்கிறது. தண்டனைக் கோட்பாட்டின் முதல் விரிசல் அங்கேயே தெரிகிறது; அதைப் பூசி மறைக்காமல் விட்டது அந்நூலைத் தொகுத்தவர்களின் நேர்மை.

தம் கடவுளே தம்மேல் சினந்தார் என்று சொன்னதில் யூதர்கள் தனித்தவர்களும் அல்லர். மோவாபின் அரசன் மேசா கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் நாட்டிய கல், 1868இல் திபானில் கண்டெடுக்கப்பட்டு இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருப்பது, இஸ்ரவேல் மோவாபை ஒடுக்கியதற்குக் காரணம் கேமோஷ் தெய்வம் தன் நாட்டின்மேல் கொண்ட கோபம் என்கிறது. சனகெரிப் 689இல் பாபிலோனை அழித்தான். அவன் மகன் எசர்ஹத்தோன் அந்நகரை மீண்டும் எழுப்பியபோது வெட்டுவித்த வாசகங்கள் தந்தையின் பெயரையே எடுக்காமல், பாபிலோனியரின் குற்றங்களால் மார்துக் சினந்தார் என்று முடித்துக்கொள்கின்றன. நகரம் எழுபது ஆண்டு பாழாய்க் கிடக்க வேண்டுமென மார்துக் எழுதினாராம். பிறகு இரங்கி எண்களை இடம்மாற்றிப் பதினொன்று ஆக்கினாராம். ஆப்பெழுத்தில் அறுபதைக் குறிக்கும் குறியே ஒன்றையும் குறிக்கும். அதற்குப்பின் பத்தை எழுதினால் எழுபது, முன் எழுதினால் பதினொன்று. எழுத்தர்களின் விளையாட்டு தெய்வத்தின் கருணையாகிவிட்டது. எரேமியாவும் எழுபது ஆண்டு என்றே சொன்னார் என்பதை நினைவில் கொண்டால், அந்த எண் அப்பகுதியில் பாழ்காலத்துக்கு வழக்கமான அளவாக இருந்தது புலப்படும்.

இன்னும் பழைய ஊர் நகரப் புலம்பலில், சுமேரிய நகரம் அழிவது தெய்வப் பேரவையின் முடிவால். நகரத் தேவதை நிங்கால் மன்றாடியும் பலனில்லை. மக்களின் குற்றம் எதுவும் அங்கே சுட்டப்படுவதில்லை. ஆட்சி மாறும், அதன் முறை முடிந்தது, அவ்வளவே.

இவற்றோடு ஒப்பிட்டால்தான் யூதர்களின் விடையில் எது புதியது என்பது விளங்கும். மேசாவும் எசர்ஹத்தோனும் தெய்வச் சினத்தைப் பற்றிப் பேசியது அது தணிந்த பிறகு. சினம் முடிந்தது, இதோ நான் வந்திருக்கிறேன் என்று அறிவிக்க அரசனுக்கு அது நல்ல முன்னுரை. யூதர்களிடம் அப்போது அரசன் இல்லை, கோவில் இல்லை, வெற்றி இல்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றவனே அரசன். அவர்களுக்கு முன்னே எளிய விடை ஒன்று இருந்தது: மார்துக் வென்றார், நம் கடவுள் தோற்றார். அதை ஏற்றிருந்தால் அச்சமூகம் பாபிலோனின் பல்வேறு குடிகளுள் கரைந்திருக்கும். மறுத்ததன் விலையாகப் பழியைத் தாங்களே ஏற்றார்கள். பேரரசனை வரலாற்றின் எழுவாயிடத்திலிருந்து இறக்கிவிட்டு அவனை ஏவலாளாக்கிய துணிவு அது. தோல்வியால் வந்த தன்வெறுப்பு என்று இதை ஓர் உளவியல் சொல்லில் அடக்கிவிடும் இன்றைய வாசிப்புகள், பழியின் உள்ளடக்கம் என்ன என்று பார்ப்பதில்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்கி மாளிகை எழுப்பியதற்காக யோயாக்கீமை எரேமியா இடித்துரைக்கிறார். முற்றுகையின் நெருக்கடியில் அடிமைகளை விடுவித்துவிட்டு, நெருக்கடி சற்றுத் தளர்ந்ததும் மீண்டும் பிடித்துக்கொண்ட செல்வர்களைக் குற்றம்சாட்டுகிறார். தண்டனை என்ற மொழி, அதன் பிறப்பிடத்தில், அதிகாரத்தை நோக்கி நீட்டப்பட்ட விரல்.

அந்த விடை எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதும் அன்று. எரேமியா நூலின் 44ஆம் அதிகாரத்தில் எகிப்துக்கு ஓடிப்போன யூதர்கள் தீர்க்கதரிசிக்கு நேருக்கு நேர் மறுமொழி சொல்கிறார்கள். வான அரசிக்குத் தூபம் காட்டியவரை உணவுக்குக் குறைவில்லை. அதை நிறுத்திய பிறகே வாளும் பஞ்சமும் வந்தன என்பது அவர்கள் வாதம். பெண்கள் அதில் முன்னிற்கிறார்கள். அதே சான்று, அதே 'எனவே', நேர்மாறான முடிவு. யோசியாவின் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் நாடு வீழ்ந்தது என்ற காலவரிசையை வைத்துப் பார்த்தால், தர்க்கத்தில் அவர்கள் தோற்றதாகச் சொல்ல முடியாது. நூல் அவர்கள் வாதத்தை அழிக்காமல் வைத்திருக்கிறது.

யோசியாவே ஒரு சிக்கல். நல்ல அரசன் என்று போற்றப்பட்டவன் முப்பத்தொன்பது வயதில் களத்தில் மடிந்தான். தீயவனுக்கு எடுத்துக்காட்டாகிய மனாசே ஐம்பத்தைந்து ஆண்டுகள் நிம்மதியாக ஆண்டான். இராஜாக்களின் நூல் நாட்டின் வீழ்ச்சிக்கு மனாசேயைக் காரணமாக்குகிறது. அவன் இறந்து அரை நூற்றாண்டு ஆனபின் வேறொரு தலைமுறை தண்டனை பெறுகிறது. இந்த அநீதி அக்காலத்தவருக்கே உறுத்தியது. தந்தையர் தின்ற புளிப்புக்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று அன்று ஒரு பழமொழி வழங்கியது. எசேக்கியேல் அதை இனி யாரும் சொல்லக் கூடாது என்று மறுத்து, அவரவர் செயல் அவரவர்க்கே என்று வாதிடுகிறார். நூற்றாண்டுகள் கழித்து எழுந்த நாளாகம நூல் கணக்கையே திருத்துகிறது. அதில் மனாசே மனந்திரும்புகிறான். யோசியாவோ நேகோவின் வாய்வழி வந்த இறைவாக்கைக் கேளாததால் மடிகிறான். நேர்மையான கணக்கர் ஒருவர் ஐந்தொகை பொருந்தும்வரை பழைய பதிவுகளைத் திருத்துவதைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. கோட்பாடு நிகழ்ச்சியிலிருந்து பிறக்கவில்லை, நிகழ்ச்சி கோட்பாட்டுக்கு ஏற்ப எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'நாங்கள் பாவம் செய்தோம்' என்பதில் அந்த 'நாங்கள்' யார் என்பது அடுத்த கேள்வி. எபிரேயத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்ற பகுப்பு அம்மொழியில் இல்லை. தமிழில் பெயர்ப்பவர் ஒவ்வோர் இடத்திலும் தேர்ந்தாக வேண்டும். கடவுளை நோக்கிச் சொல்லும்போது 'நாங்கள்' என்றுதான் வரும்; கடவுள் அந்தக் குற்றத்தில் பங்காளி அல்லர். தம்முள் பேசிக்கொள்ளும்போது 'நாம்'. இந்த இரண்டிடத்திலும் வாக்கியம் உயிரோடு இருக்கிறது, ஏனெனில் சொல்பவர் அதற்குள் நிற்கிறார்.

ஆனால் சொல்பவர் யாரை உள்ளே விட்டார், யாரை வெளியே நிறுத்தினார் என்பதையும் பார்க்க வேண்டும். எரேமியாவின் ஒரு காட்சியில் இரண்டு கூடை அத்திப்பழங்கள்: நல்லவை நாடுகடத்தப்பட்டவர்கள், அழுகியவை நாட்டில் தங்கியவர்கள். தங்கியவர்கள், நிலம் இப்போது எங்களுடையது என்று சொன்னதாகவும் அது செல்லாது என்றும் எசேக்கியேல் பதிவு செய்கிறார். எஸ்றா நூலுக்கு வரும்போது 'கோலா', அதாவது நாடுகடத்தப்பட்டோர் கூட்டம் என்ற சொல், ஒரு தகுதிப் பட்டமாகிவிடுகிறது. தண்டனை பெற்றுத் தூய்மையடைந்தவர்கள் நாங்கள். நீங்கள் தண்டனையே பெறாதவர்கள், எனவே நாட்டு மக்கள் மட்டுமே, உடன்படிக்கையின் மக்கள் அல்லர். திராட்சைத் தோட்டத்தில் விடப்பட்ட ஏழைகளின் வழிவந்தோர் இவ்வாறு வெளியே தள்ளப்பட்டார்கள். தன்மேல் சுமத்திக்கொண்ட பழியே பிறர்மேல் உரிமையாக மாறுவது இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி. அரசனை நோக்கி நீண்ட விரல் ஏழையை நோக்கித் திரும்ப நூறு ஆண்டுகள் போதுமானதாக இருந்தது.

கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் கோவிலை எரித்தபோது ரபிகள் பழைய விடையைக் கைவிடவில்லை, ஆனால் மாற்றினார்கள். முதல் கோவில் சிலைவழிபாடு, தகாத உறவு, கொலை ஆகியவற்றால் அழிந்தது; இரண்டாவது காரணமற்ற பகைமையால் அழிந்தது என்று பாபிலோனியத் தல்மூதின் யோமா பகுதி பிரித்துக் கூறுகிறது. அதே தல்மூதில் வேறு குரல்களும் உண்டு. பிள்ளைகளை அந்நியரிடையே அனுப்பியதை எண்ணி இரவின் ஒவ்வொரு சாமத்திலும் கடவுள் சிங்கம்போல் கர்ச்சிக்கிறார் என்கிறது ஒன்று. சிதறடித்தது இஸ்ரவேலுக்குச் செய்த நன்மை என்கிறது இன்னொன்று. இஸ்ரவேல் எங்கெல்லாம் நாடுகடத்தப்பட்டதோ அங்கெல்லாம் இறைப்பிரசன்னமாகிய ஷெகினாவும் உடன்சென்றது என்கிறது மெகிலா பகுதி. இந்த மூன்றாவது குரல் இலக்கணத்தையே மாற்றுகிறது. எரேமியாவிடம் எழுவாயாக நின்றவர் இங்கே 'ஓடு' உருபின் உடனிகழ்ச்சிப் பொருளுக்கு இறங்கி வருகிறார். அனுப்பியவர் கூடவே போகிறார்.

கேடு தொடங்கியது வாக்கியம் படர்க்கைக்கு மாறியபோது. இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன், யூதன் ஒருவனோடு நடத்தியதாக எழுதிய உரையாடலில், எருசலேமின் அழிவு யூதர்களுக்கு நியாயமாகவே வந்தது என்று வாதிட்டார். பழைய தீர்க்கதரிசிகளின் சுடுசொற்கள் அனைத்தும் அவருக்குச் சான்றுகள் ஆயின. அவர்கள் தம் மக்களுக்குள் நின்று சொன்னதை அவர் வெளியே நின்று சொன்னார். அகுஸ்தீன், யூதர்கள் அழியாமல் சிதறிக் கிடப்பதே கிறித்தவத்துக்குச் சாட்சி என்றார்; அது அவர்களைக் கொல்லாமல் காத்த கருத்தாகவும் இருந்தது, தாழ்த்தியே வைக்கச் சொன்ன கருத்தாகவும் இருந்தது. 1602இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஒரு சிறு பிரசுரம், ஓயாமல் அலையும்படி சபிக்கப்பட்ட யூதன் என்ற உருவத்தை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. வரலாறோ இதற்கு இடம் தரவில்லை. கோவில் எரிவதற்கு நெடுங்காலம் முன்பே யூதர்கள் அலெக்சாந்திரியாவிலும் உரோமிலும் பாபிலோனிலும் வாழ்ந்தார்கள்; கோரேசு திரும்பிப் போக இசைந்த பிறகும் பலர் பாபிலோனை விட்டு வரவில்லை. எழுபதாம் ஆண்டில் ஒரு தீர்ப்பு, அதன்பின் ஒரு சிதறல் என்ற நேர்கோடு ஒரு மறையுரைக் கோடு. கொச்சி யூதர்களின் மரபு தங்கள் வருகையை அந்தக் கோவில் அழிவோடு இணைத்துப் பேசும். ஆனால் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு வட்டெழுத்தில் வழங்கிய செப்பேடு அவர்களைச் சபிக்கப்பட்டவர்களாகப் பார்க்கவில்லை, அஞ்சுவண்ணத்துக்கு உரியவர்களாகப் பார்த்தது. சிதறலைத் தண்டனையாக்குவது சிதறியவர் வாழும் இடத்து ஆட்சியும் அண்டையரும்தாம் என்பதற்கு அந்தச் செப்பேடு ஒரு சான்று.

படர்க்கை வாக்கியத்தின் முடிவு எங்கே போனது என்பது தெரிந்ததே. மனைவியையும் மகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஜூல் இசாக், இந்த நெடுமரபுக்கு 'இகழ்ச்சியின் போதனை' என்று பெயரிட்டார். 1960இல் அவர் திருத்தந்தை 23ஆம் யோவானைச் சந்தித்தார். 1965 அக்டோபர் 28 அன்று வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, யூதர்களைக் கடவுளால் புறக்கணிக்கப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டலாகாது என்று அறிவித்தது. யூத இறையியலுக்குள்ளும் பழைய வாக்கியம் உடைந்தது. 1966இல் ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன், அவுஷ்விட்சைத் தண்டனையாக்கும் கடவுளை ஏற்க முடியாது என்று எழுதினார். பழமைவாத ரபியாகிய எலியேசர் பெர்கோவிட்சும், நம்பிக்கையை விடாமலே, பாவத்தின் பலன் என்ற விளக்கத்தை இங்கே ஒதுக்கினார். தன்மைப் பன்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர்கள் தங்கள் மக்களின் சாம்பலின் முன் நின்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்த எல்லை எங்கே என்று இந்தியர்களும் ஒருமுறை வாதிட்டிருக்கிறார்கள். 1934 சனவரி 15 அன்று பீகாரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. சில நாளில் திருநெல்வேலியில் பேசிய காந்தி, அது தீண்டாமை என்னும் நம் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தாகூர் கடுமையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சியை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது அறிவுக்கு ஒவ்வாதது என்றார். காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். காந்தியின் வாக்கியம் எரேமியாவின் வகையைச் சேர்ந்தது: தன்மையில் நின்றது, வலியவர்களை நோக்கியது. ஆயினும் இடிபாடுகளில் புதைந்தவர்களுள் தீண்டாமையை இழைத்தவர்களும் இருந்தார்கள், அதற்கு ஆளானவர்களும் இருந்தார்கள். 'நம்' பாவம் என்ற சொல் அவர்களை எந்தப் பக்கம் சேர்க்கும்? இந்தக் கேள்விதான் எருசலேமின் திராட்சைத் தோட்டத்து ஏழைகளைப் பற்றியும் கேட்கப்பட வேண்டியது.

ஆகவே வகுப்பறையில் 'எனவே' என்று சொல்வதற்கு முன் யாருடைய கூற்று என்பதையும் சேர்த்துச் சொல்வது நலம். 'நாடுகடத்தப்பட்டதைத் தங்கள் கடவுளின் தீர்ப்பாக அவர்களில் ஒரு சாரார் புரிந்துகொண்டார்கள்' என்ற வாக்கியம் நீளமானது, ஆனால் பொய்யில்லாதது. மொழிபெயர்ப்புச் சொற்களிலும் கவனம் வேண்டும். கிரேக்கத்தில் எரேமியாவைப் பெயர்த்தவர்கள் 'கோலா'வுக்கு ஓரிடத்தில் குடியேற்றம் என்று பொருள்படும் 'அபொய்கியா'வை இட்டார்கள். அதில் தண்டனையின் சாயலே இல்லை. பழைய தமிழ் வேதாகமத்தின் 'சிறையிருப்பு' ஒரு நிலையைக் குறிக்கிறது, அடைத்தவர் யார் என்று சொல்வதில்லை. இன்றைய 'புலம்பெயர்வு' தன்வினை. துரத்தியவரை முற்றிலும் மறைத்துவிடுகிறது. 'நாடுகடத்தல்' ஒன்றுதான் எழுவாயைக் கேட்கிறது. கேட்பதால்தான் அது மற்ற இரண்டையும்விட நேர்மையான சொல்.

எருசலேமுக்காக எழுந்த புலம்பல் நூலின் ஐந்து பாடல்களில் முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில் கட்டப்பட்டவை. ஐந்தாவதிலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. துயரத்தைத் தாங்கிய சட்டகம் அங்கே தளர்ந்துவிடுகிறது. அதன் கடைசி வசனம் 'கி இம்' என்ற இடைச்சொற்களில் தொடங்குகிறது. அவற்றை 'ஒழிய' என்று கொள்வதா, 'ஆனால்' என்று கொள்வதா, 'ஆயினும்' என்று கொள்வதா என்பதில் உரைகாரர்களிடையே இன்றுவரை உடன்பாடில்லை. கொள்வதைப் பொறுத்து, கடவுள் தம் மக்களை அடியோடு தள்ளிவிட்டார் என்பது முடிவாகவோ ஐயமாகவோ நின்றுவிடும். ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் யூதத் தொழுகைக்கூடங்களில் தாழ அமர்ந்து இந்நூலை வாசிப்பவர்கள், அந்த வசனத்தோடு நிறுத்துவதில்லை. அதற்கு முந்தைய வசனத்துக்குத் திரும்பி, தங்களைத் திருப்பிக்கொள்ளுமாறு கேட்கும் அந்த வேண்டுதலை இன்னொரு முறை உரக்கப் படித்துவிட்டே எழுகிறார்கள்.